மருந்து எழுதாமல் அனுப்பும்போது

சளி, இருமல், முதுகுவலி, தலைசுற்றல், வயிற்றுப்போக்கு. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய மருத்துவமனைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் இப்படி ஒரு தொந்தரவோடுதான் வருகிறார்கள். இவற்றில் பலவற்றுக்கு மருந்தே தேவைப்படாது. சிலவற்றுக்கு மருந்து துணைக்கு இருந்தால் போதும். ஆனால் "இதற்கு மருந்து வேண்டாம்" என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் வாடிவிடும். "ஒண்ணுமே எழுதித் தரலையா டாக்டர்?" என்பார். "ஒரு ஊசியாவது போட்டு விடுங்களேன், நாளைக்கு வேலைக்குப் போகணும்."

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு வந்து, வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வரும்வரை வலியோடு காத்திருந்தவர் அவர். வெறுங்கையோடு திரும்பினால் "டாக்டர் என்ன கொடுத்தாங்க?" என்று வீட்டில் கேட்பார்கள். மாத்திரை எழுதும்போது மருத்துவர்கள் பெயர், அளவு, எத்தனை வேளை, எத்தனை நாள், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று எல்லாம் எழுதுகிறோம். ஓய்வும் தண்ணீரும் நடையும் என்று வந்தால், அவர் நாற்காலியை விட்டு எழுந்த பிறகு வாய்வார்த்தையாகச் சொல்கிறோம். "கொஞ்சம் நடங்க, உப்பைக் குறைங்க." எவ்வளவு நடப்பது, எதில் இருக்கும் உப்பைக் குறைப்பது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இப்படிச் சொல்லப்பட்ட ஒன்றை அவர் சிகிச்சை என்று எண்ணாததில் ஆச்சரியமே இல்லை.

மருந்தில்லாத சிகிச்சைக்கும் அளவு வேண்டும், வேளை வேண்டும், இத்தனை நாள் என்ற கெடு வேண்டும். கையால் செய்து காட்ட வேண்டும், அவரையும் செய்யவைத்துப் பார்க்க வேண்டும். சமூக மருத்துவத்தில் இருந்து நான் கற்ற பாடம் இதுதான். இதை முறையாகச் செய்தால் ஊசி கேட்பவர்கள் தாமாகவே குறைகிறார்கள்.

வயிற்றுப்போக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசலின் கதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1971-ல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் இருந்த அகதிகள் முகாமில் காலரா பரவியது. ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டே வந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸும் அவரோடு இருந்தவர்களும் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்துப் பெரிய டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்க வைத்தார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. குடலுக்குள் குளுக்கோஸ் போகும்போது அது சோடியத்தையும் கூடவே உள்ளே இழுக்கிறது. சோடியத்தின் பின்னால் தண்ணீர் போகிறது. காலராவிலும் இந்த வழி அடைபடுவதில்லை. அவ்வளவுதான் இதன் சூட்சுமம்.

அதற்கு அடுத்து நடந்ததுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய பாடம். வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பி, இந்தக் கரைசலைத் தயாரிக்கத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள். கற்றுக்கொடுத்த ஊழியர் போன பிறகு, இன்னொருவர் வந்து சில தாய்மார்களிடம் கேட்டுப் பார்ப்பார். அவர்கள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள், கரைசலைச் சரியாகக் கலக்கிறார்களா என்பதை வைத்துத்தான் முதலில் போன ஊழியரின் ஊதியம் தீர்மானமானது. சொன்னோமா என்பதை விட்டுவிட்டு, அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தார்கள். சுகாதாரப் பணியில் இருக்கும் ஒவ்வொருவரும் இதைத் தினமும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

அதனால் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் கிடைக்கும் இந்தக் கரைசலுக்கான தூள் பொட்டலத்தை நீட்டிவிட்டு அனுப்புவதை நான் விட்டுவிட்டேன். அம்மாவையே கலக்கச் சொல்கிறேன். அப்போதுதான் உண்மை தெரிகிறது. ஒரு லிட்டருக்கான முழுப் பொட்டலத்தையும் ஒரு டம்ளரில் கொட்டப் போவார் ஒருவர். இது ஆபத்து; உப்பு அதிகமானால் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறிவிடும். "சீக்கிரம் தீரக் கூடாதே" என்று இன்னொருவர் பாதிப் பொட்டலத்தை மடித்து வைப்பார். பாலில் கலக்கலாமா, பழச்சாற்றில் கலக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது, சுத்தமான தண்ணீரில்தான் கலக்க வேண்டும். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவு. பொட்டலம் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டி அரைத் தேக்கரண்டி உப்பு. கலந்தது 24 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

கொடுக்கும் விதத்தையும் காட்டியே ஆக வேண்டும். தாகத்தில் இருக்கும் குழந்தையிடம் டம்ளரைக் கொடுத்தால் மடமடவென்று குடித்துவிட்டு அப்படியே வாந்தி எடுக்கும். "இவனுக்கு இது ஒத்துக்கலை" என்று அம்மா நிறுத்திவிடுவார். ஒரு தேக்கரண்டி, ஒன்றிரண்டு நிமிடம் இடைவெளி, மறுபடி ஒரு தேக்கரண்டி. வாந்தி வந்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி. தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தவே கூடாது. கூடவே துத்தநாக மாத்திரை 10 முதல் 14 நாள் கொடுக்க வேண்டும். அதற்கு மருந்துச் சீட்டு எழுதித் தருகிறேன்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். "இது போறதை நிறுத்தாதும்மா. போன தண்ணியைத் திருப்பிக் கொடுக்கும். இன்னும் ரெண்டு மூணு நாள் போகத்தான் செய்யும், பயப்படாதீங்க." இதைச் சொல்லாவிட்டால் மறுநாள் அவர் "நிக்கவே இல்லையே" என்று வேறு இடத்துக்குப் போய், குழந்தைக்குத் தேவையில்லாத மருந்தை வாங்கிக்கொண்டு வருவார். குழந்தை மயங்கி மயங்கித் தூங்கினால், குடிக்கவே முடியாமல் போனால், கண் குழிவிழுந்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டதும் மெதுவாகத் திரும்பினால், மலத்தில் ரத்தம் தெரிந்தால் உடனே வர வேண்டும். இதையும் வாயால் சொல்லி, தாளில் எழுதி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன்.

இருமலில் இன்னொரு விதமான சிக்கல். அங்கே நோயைவிடப் பயம்தான் பெரிதாக இருக்கும். "நெஞ்சில் சளி கட்டிவிட்டது, நிமோனியாவாகிவிடும்" என்று பயந்துபோய் அம்மா வருவார். ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து "ஒண்ணுமில்லை" என்று சொன்னால் அந்தப் பயம் போகாது. அதனால் குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு, அம்மாவை என் பக்கத்தில் உட்காரவைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுகிறோம், இருவரும் சேர்ந்து. வயிறு ஒரு முறை எழுந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணக் கூடாது. இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இவற்றில் ஏதாவது இருந்தால் மருந்து நிச்சயம் வேண்டும், தாமதிக்கக் கூடாது.

எண்ணிப் பார்த்து 32 என்று வந்ததும் அந்த அம்மாவின் தோள் தளர்வதைப் பார்த்திருக்கிறேன். மூன்று வயதுக் குழந்தை, சளி ஒழுகும் மூக்கு, லேசான காய்ச்சல். "அப்ப இது 40-க்குள்ளதான் இருக்கு, இல்லையா?" என்று அவரே கேட்டார். அன்று அவர் ஆன்டிபயாட்டிக் கேட்கவில்லை. இரவில் பயம் வந்தால் தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம் அவருக்கு வந்துவிட்டது. கூடுதலாக எனக்குச் செலவானது ஒரு நிமிடம்.

சாதாரண சளி வைரஸால் வருவது, அதில் ஆன்டிபயாட்டிக்குக்கு வேலையில்லை. ஆனால் அதைவிட உதவுவது நாள் கணக்கைச் சொல்வதுதான். மூக்கொழுகல் ஒரு வாரம் பத்து நாளில் சரியாகும், இருமல் மூன்று வாரம் வரை கூட இழுக்கும். ஐந்து நாளில் போய்விடும் என்று நினைப்பவருக்கு ஆறாம் நாள் இருமல் புதிய நோயாகத் தெரிகிறது. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குப் படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி தேன் கொடுத்தால் இரவு இருமல் தணியும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. பாட்யூலிசம் என்ற நச்சுநோய் வரும் அபாயம் உண்டு. அடைத்த மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். ஆவி பிடிப்பதைக் குழந்தைகளுக்குச் செய்யவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கொதிக்கும் தண்ணீர் மடியில் கவிழ்ந்து வெந்துபோன தொடைகளைப் பார்த்தவர்கள் யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். மருந்தில்லை என்பதாலேயே ஒரு முறை தீங்கில்லாதது ஆகிவிடாது. அப்படி வெந்துவிட்டாலும் முதல் வேலை ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதுதான். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம்.

தலைசுற்றலோடு வந்த ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படுக்கையில் வலது பக்கம் புரண்டால் அறையே சுற்றும், எழுந்தாலும் சுற்றும், அரை நிமிடத்தில் அடங்கிவிடும். விழுந்துவிடுவோம் என்று குளியலறைக்குப் போகவே பயம். அவரைப் பரிசோதனைக் கட்டிலில் நீளவாக்கில் உட்காரவைத்து, தலையை வலது பக்கம் 45 டிகிரி திருப்பி, இரண்டு கையாலும் தலையைத் தாங்கிக்கொண்டு சட்டென்று பின்னால் சாய்த்தேன். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே சற்றுத் தொங்கியது. இரண்டு மூன்று நொடிக்கு ஒன்றுமில்லை. அப்புறம் விழிகள் சுழன்று துடித்தன. "ஐயோ, சுத்துதும்மா" என்று என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "கண்ணைத் திறந்தே வைங்க பாட்டி, இப்ப அடங்கிடும்" என்றேன். அடங்கியது. ஒரு நிமிடம் பொறுத்துத் தலையை மெல்ல இடது பக்கம் திருப்பி, மறுபடி காத்திருந்து, உடம்போடு இடப்பக்கமாகப் புரட்டி முகம் தரையைப் பார்க்கும்படி வைத்து, இன்னொரு நிமிடம் கழித்து எழுப்பி உட்காரவைத்தேன்.

உள்காதில் இருக்க வேண்டிய நுண்ணிய கால்சியம் படிகங்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடுவதால் வரும் சுற்றல் இது. தலையை வரிசையாகத் திருப்பி அந்தப் படிகங்களைப் பழைய இடத்துக்கே உருட்டிக் கொண்டுவருகிறோம். ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் 1980 வாக்கில் உருவாக்கி, 1992-ல் வெளியிட்ட முறை. ஆரம்பத்தில் சக மருத்துவர்களே இதை நம்பவில்லை. இன்று உலகம் முழுவதும் இந்தச் சுற்றலுக்கு முதல் சிகிச்சை இதுதான். மாத்திரை குமட்டலைக் குறைக்கலாம், படிகத்தை நகர்த்தாது. பாட்டிக்கு மறுவாரம் இன்னொரு முறை செய்ய வேண்டியிருந்தது. அத்தோடு மாத்திரை நின்றது. பயிற்சி பெற்றவர்தான் முதலில் செய்ய வேண்டும். எந்தக் காது, வேறு காரணம் இருக்கிறதா, கழுத்தெலும்பில் பிரச்சினை உண்டா என்று பார்த்த பிறகுதான். சுற்றலோடு பேச்சு குழறினால், கை கால் வலுவிழந்தால், பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தால், நிற்கவே முடியாவிட்டால் அது பக்கவாதமாக இருக்கலாம். நேரே பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கைபட்டுச் செய்யும் சிகிச்சையை மக்கள் உடனே நம்புகிறார்கள். அதனால் முழங்கால் வலிக்காரரிடமும் "உடற்பயிற்சி செய்யுங்க" என்று நிறுத்திக்கொள்வதில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, காலை நேராக நீட்டி, அவர் தொடைத் தசை மேல் அவர் கையையே வைத்து, "இது கல்லு மாதிரி இறுகணும், அஞ்சு எண்ணுற வரைக்கும்" என்று காட்டுகிறேன். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலை மாலை, ஆறு வாரம். இந்தத் தசை வலுத்தால் மூட்டின் சுமை குறையும். முதுகுவலிக்காரர்களுக்குச் சொல்வது இன்னும் சுருக்கம்: படுத்தே கிடக்காதீர்கள். 1986-லேயே அமெரிக்காவில் இரண்டு நாள் படுக்கை ஓய்வையும் ஏழு நாள் ஓய்வையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏழு நாள் படுத்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை, வேலைக்குப் போகாத நாள்தான் கூடியது. கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ மட்டும் காத்திருக்கக் கூடாது.

ரத்த அழுத்தத்தில் இதற்கு நேர்மாறான மனநிலையையும் சந்திக்கிறேன். மாத்திரைக்காக ஏங்குபவர்கள் ஒரு பக்கம், "ஆரம்பிச்சா பழகிடும், வாழ்க்கை முழுக்க விட முடியாது" என்று மாத்திரையைத் தொடவே பயப்படுபவர்கள் இன்னொரு பக்கம். இருவருக்கும் முதல் வேலை ஒன்றுதான்: சரியாக அளப்பது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் படிய, கை இதய மட்டத்தில் இருக்கும்படி உட்கார வேண்டும். வரிசையில் நின்று, படி ஏறி வந்து, பேசிக்கொண்டே அளந்தால் அளவு கூடித்தான் காட்டும். அந்த ஒரு அளவை வைத்து யாருக்கும் வாழ்நாள் மாத்திரை தொடங்கக் கூடாது. வேறு நாட்களிலும் அளக்க வேண்டும்.

அழுத்தம் உண்மையிலேயே கூடுதல் என்றால் உப்பைப் பற்றிப் பேசுகிறோம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவு. தோராயமாக ஒரு தேக்கரண்டி, சமையலில் சேர்வதும் பொட்டலத் தின்பண்டத்தில் மறைந்திருப்பதும் எல்லாம் சேர்த்து. இதை நோயாளியிடம் மட்டும் சொல்லிப் பலனில்லை. "வீட்டில் யார் சமைக்கிறாங்க?" என்று கேட்டு அவரையும் கூட்டிவரச் சொல்கிறேன். ஒரே நாளில் பாதியாகக் குறைத்தால் வீட்டில் யாரும் சாப்பிடமாட்டார்கள். வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

மாத்திரை வேண்டாம் என்பவர்களிடம் கறாராகவே பேசுகிறேன். மருந்தில்லா முறையின் மேல் எனக்கு இருக்கும் நம்பிக்கையைக் காட்டி யாரும் இன்சுலினை நிறுத்தக் கூடாது. காசநோய் மருந்து, வலிப்பு மருந்து, ரத்த அழுத்த மாத்திரை எதையும் தாமாக நிறுத்தக் கூடாது. நடையும் உப்புக் குறைப்பும் நன்றாக வேலை செய்தால் அளவைக் குறைக்கலாம், அதை அளந்து பார்த்துச் சேர்ந்து முடிவெடுப்போம். "நீங்களா விடாதீங்க, விடணும்னு தோணினா முதல்ல என்கிட்ட வந்து சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்." இந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம். திட்டு விழும் என்று பயந்து மாத்திரை விட்டதை மறைப்பவர்கள் ஏராளம்.

மனதைத் திறக்க வைக்கும் கேள்வி ஒன்று உண்டு: "இது என்னவா இருக்குமோன்னு பயப்படுறீங்க?" தலைவலிக்கு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்று நின்ற ஒருவர், இந்தக் கேள்விக்குப் பிறகுதான் தன் அண்ணன் மூளைக் கட்டியில் இறந்ததைச் சொன்னார். அதைக் காதில் வாங்காமல் "நல்லாத் தூங்குங்க, கண்ணுக்கு ஓய்வு கொடுங்க" என்றால் அவருக்கு அது அலட்சியமாகத்தானே படும்? நரம்பு பரிசோதனையை ஒவ்வொன்றாக, எதற்கென்று சொல்லிக்கொண்டே செய்தேன். எந்த மாதிரி தலைவலி கட்டியைக் காட்டும், அவருடையது ஏன் அப்படி இல்லை என்று விளக்கினேன். அதன் பிறகுதான் தூக்கத்தைப் பற்றிப் பேச முடிந்தது.

இப்போது சீட்டின் பின்பக்கத்தில் மருந்தைப் போலவே எழுதித் தருகிறேன். "வேக நடை, 30 நிமிடம், வாரம் 5 நாள், பேச முடியணும், பாட முடியக் கூடாது. 4 வாரம். பிறகு வந்து காட்டவும்." வாரத்துக்கு 150 நிமிடம் என்ற கணக்கு அது. திரும்பி வரும்போது "முடியலை டாக்டர்" என்பவர்களிடம் எது முடிந்தது என்று கேட்கிறேன். ஒருவருக்கு அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்கவே இல்லை. வயதான மாமியாரைத் தனியே விட முடியாது. அப்படியானால் பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளை. அதுவும் அதே கணக்குதான் என்று பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். மாமியார் படுத்த படுக்கை என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பதையும், குதிகாலும் இடுப்பெலும்பும் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்ப்பதையும் அடுத்த வரியில் சேர்த்தேன்.